நரம்பு எழும்ப ஒரு தாழ்ப்பாள்

போன வியாழக்கிழமை என் தம்பி நடேசன் ஒரு கக்கூஸ் கதவுக்கு முன்னால் முழந்தாளிட்டு நின்றான்.

அரசாங்கக் கந்தோரில் சீஃப் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவன். வெள்ளவத்தையில் நாலு பேர் எழும்பி இடம் கொடுக்கிற மனிதன். வேட்டி அழுக்காகிவிடும் என்று கோயிலில்கூட நின்றபடியே கும்பிடுகிறவன். அப்படிப்பட்டவன் பெண்கள் வார்ட்டில், ஈரச் சீமெந்துத் தரையில், கையில் ஸ்க்ரூட்றைவரோடு...

"அக்கா, இதை இடப்பக்கம் திருப்புறதோ, வலப்பக்கமோ?"

"நீதானே படிச்சவன். கண்டுபிடி."

ஏன் நின்றான்? அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமைப் பத்தி. கொஞ்சம் நீளமான கதை. எனக்கு அவசரமில்லை. உங்களுக்கு அவசரமென்றால் பக்கத்துப் பக்கத்தில் ராசிபலன் இருக்கிறது.

நடேசனின் மனைவி பரமேஸ்வரி, எனக்கு மச்சாள். அவளுக்கு நானும் மச்சாள். மார்பில் கட்டி வந்து, இடது பக்கம் ஒப்பரேஷன் செய்து, இப்போது கீமோ ஏறுகிறது. கீமோ என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்கள் தெரியாமலே இருங்கள். அந்த மருந்தைக் குடிக்கக் கொடுப்பதில்லை. கையில் நரம்பு தேடி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை ஊசியோடு உள்ளே விட்டு, ஊசியை உருவிக்கொண்டு குழாயை மட்டும் வைத்து ஒட்டுவார்கள். அதற்குக் கனுலா என்று பெயர். அதன் வழியாகத்தான் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்.

ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் குத்தக்கூடாது, கை வீங்கிவிடுமாம். ஆக மச்சாளுக்கு மிஞ்சியது வலது கை ஒன்றுதான். அந்த ஒரு கையில்தான் எல்லாத் தேடுதலும்.

தேடுதல் — இந்தக் கொழும்பில் எங்களுக்கு அது புதிதா? ஆமிக்காரர் துவக்கோடு வந்து கதவைத் தட்டி, டோர்ச் அடித்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து... அதே மாதிரித்தான். முழங்கை மடிப்பில் பார்த்தார்கள். மணிக்கட்டில் பார்த்தார்கள். ரப்பர் பட்டியை இறுக்கி, புறங்கையில் தட்டிப் பார்த்தார்கள். நரம்பு எட்டிப் பார்க்கும். ஊசியைக் கண்டதும் ஒளித்துக்கொள்ளும். குத்திய இடமெல்லாம் நாவற்பழத்தை நசித்தது போல நீலம்.

மருந்து ஏறிய பிறகு குடலைப் பிரட்டிக்கொண்டு வருகிற சத்தியை மச்சாள் தாங்கினாள். தலைமயிர் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்ததையும் தாங்கினாள். "அது மருந்து செய்யிற வேலை, மச்சாள்," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். இந்தக் குத்தலைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் தேதிக்கு முதல் நாள் பின்னேரமே அந்தக் கையைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு திரிவாள்.

நோயாளியைப் பார்க்கச் சொந்தக்காரர் வருவார்கள் அல்லவா? வந்தார்கள். சத்து மாப் போத்தலோடு வந்து, சோபாவில் சாய்ந்து, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி பீற்றூட் சாறு என்றாள். ஒருத்தி நரம்புக்கு நல்லெண்ணெய் பூசு என்றாள். இன்னொருத்தி, தன் கையை நீட்டி, "எனக்கெண்டால் பாருங்கோ, நரம்பு கயிறு மாதிரி," என்று காட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். கனடாவிலிருந்து மச்சாளின் மகன் டெலிபோனில் வந்தான். அங்கே நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு மூடியை வைத்துத் தைத்துவிடுவார்களாம். ஒவ்வொரு முறையும் நரம்பு தேடத் தேவையில்லையாம். "இஞ்சை எல்லாம் ஈசி அம்மா."

ஈசிதான். அங்கே.

ஆனால் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் என் தம்பி. ஒரு நாள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்துச் சொன்னான்.

"அக்கா, உங்களுக்கு விளங்கேல்லை. அந்தச் சிங்கள மிஸ்ஸி வேணுமெண்டுதான் குத்துறாள்."

மிஸ்ஸி என்றால் நேர்ஸ். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏனாம்?"

"ஏனெண்டு கேக்கிறியள். கிளினிக் காட்டிலை பேர் இருக்கெல்லே. பரமேஸ்வரி எண்டு."

"அடுத்த கதிரையிலை ஒரு சிங்கள அம்மா இருக்கிறா. அவவுக்கும் இப்பிடித்தான் குத்தினவ. நான் கண்ணாலை கண்டனான்."

"அது எங்களுக்குக் காட்டுறதுக்கு."

எங்களுக்குக் காட்டுவதற்காகத் தன் சனத்தைப் பிடித்துக் குத்துகிறாளாம். படிப்பு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதனால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

இவ்வளவுக்கும் இவன் ஒரு நாள்கூட அந்த வார்ட்டுக்கு வந்தவனில்லை. வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கி, வரிசையில் விட்டு, உடம்பைத் தடவிச் சோதிப்பார்களாம். பென்சன் எடுத்த சீஃப் கிளார்க்குக்கு அது அவமானமாம். ஆகவே பெண்சாதியை என்னோடு அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து முறைப்பாட்டுக் கடிதம் எழுதினான். இங்கிலீசில். நல்ல இங்கிலீசாகத்தான் இருக்கும். ஊசி அதை வாசிக்கவில்லை.

பிறகு கொள்ளுப்பிட்டியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவரைப் பிடித்தான். அவர் இன்னொருவரைப் பிடித்தார். கடைசியில் ஒரு தமிழ் நேர்ஸ் கிடைத்தாள். மட்டக்களப்புப் பிள்ளை. தங்கமான குணம். "அன்ரி, பயப்பிடாதேங்க, மெல்லமாத்தான் போடுவன்," என்று சொல்லி, கையைத் தடவித் தடவிக் குத்தினாள். நரம்பு ஒளித்தது. திரும்பவும் குத்தினாள். திரும்பவும் ஒளித்தது. அந்தப் பிள்ளைக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் பழைய மிஸ்ஸிதான் வந்து, சுடுதண்ணியில் துணி நனைத்துச் சுற்றி, கையைக் கீழே தொங்கவிட்டு, ஒரு மாதிரியாக ஏற்றிவிட்டாள்.

ஊசிக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது என்று அன்றைக்கு விளங்கியது. எனக்கு. நடேசனுக்கு அல்ல. "மட்டக்களப்புப் பிள்ளை, அனுபவம் காணாது," என்றான்.

ஆனால் நான் இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு மிஸ்ஸிமாரும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருத்தி நல்ல தமிழில், மற்றவள் தனக்குத் தெரிந்த தமிழில். "அம்மா, தண்ணி குடிச்சதா?"

"ஓம், வடிவாக் குடிச்சனான்," என்றாள் மச்சாள் இருவரிடமும்.

வீட்டுக்கு வெளிக்கிடும்போது பையைத் தூக்கினேன். அதற்குள் பிளாஸ்க். காலையில் நானே நிரப்பி வைத்த கொத்தமல்லித் தண்ணி. கனம் ஒரு துளி குறையவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருத்தி வைத்துக் கேட்டேன். தமிழை பஸ்ஸில் மெல்லமாகக் கதைத்து எங்களுக்குப் பழக்கம்தானே. இந்த விஷயத்தை அவள் எந்தப் பாஷையிலும் மெல்லமாகத்தான் சொல்லியிருப்பாள்.

"நீர் ஒரு மிடறும் குடிக்கேல்லை. ஏன் பொய் சொன்னனீர்?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"கேக்கிறன் எல்லே."

"குடிச்சால் போகவேணுமே, மச்சாள்."

"போறது."

"எங்கை போறது? வார்ட் கடைசியிலை ஒண்டு இருக்கு. உள்ளுக்குத் திறாங்கு இல்லை. ஆர் தள்ளினாலும் திறக்கும். ஒரு கையிலை சேலைன் ஏறுது. மற்றக் கை தோளுக்கு மேலை எழும்பாது. அந்தக் கையாலை நான் போத்தலைப் பிடிக்கிறதோ, சீலையைப் பிடிக்கிறதோ, கதவைப் பிடிக்கிறதோ?"

திறாங்கு என்றால் தாழ்ப்பாள். எங்கள் வீட்டுப் பேச்சு அது.

பிளாஸ்க்கைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். மருந்து ஏறும் நாளில் மட்டுமா இந்தக் கூத்து? எங்கள் பெண்கள் வெளியூர்ப் பயணமென்றால் முதல் நாள் பின்னேரத்தோடு தண்ணீரை நிறுத்துகிறவர்கள். கலியாண வீட்டில் கொடுக்கிற சோடாவை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைக்கிறவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு சொட்டுக் குடிக்காமல் வந்து சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்கிற பெண்களை எனக்குத் தெரியும். மெடல்தான் கொடுக்க வேண்டும்! அடுத்தவர் வீட்டில் "எங்கை போறது?" என்று கேட்பது அவ்வளவு மானக்கேடு. நான் கேட்பேன். செட்டியார் தெரு நகைக்கடையில் கேட்டிருக்கிறேன். பாங்க் மனேஜரிடம் கேட்டிருக்கிறேன். மனேஜர்தான் வெட்கப்பட்டார்.

உடம்பில் தண்ணீர் இல்லையென்றால் நரம்பு எப்படி எழும்பும்? வற்றின கிணற்றில் பம்ப் போட்டு இறைக்கிற மாதிரி. இதற்கு டொக்டர் தேவையா? டொக்டரும் சொன்னவர்தான். வார்ட் வழியே விறுவிறென்று போகும்போது, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இங்கிலீசில், நடந்துகொண்டே. குடித்த தண்ணீர் பிறகு எந்த வழியாகப் போகும் என்பதை அவர் படித்த புத்தகத்தில் போடவில்லைப் போலும்.

பஸ் வெள்ளவத்தைக்கு வந்தபோது மச்சாள் சொன்னாள்: "இனி நான் வரேல்லை, மச்சாள். இருக்கிற காலம் வீட்டிலை இருந்திட்டுப் போறன்."

அழவில்லை. மரக்கறி வாங்க வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மருந்தை நடுவில் விடக்கூடாது, விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதையும் நடந்துகொண்டேதான்.

அடுத்த தேதி வந்தது. நான் இருப்பது கொட்டாஞ்சேனையில். இரவு அவர்கள் வீட்டில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும் என்பதால் விடிய முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். மச்சாள் வீட்டுச் சீலையோடு கட்டிலில் இருந்தாள். வெளிக்கிடவில்லை. நடேசன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு, "என்ரை கடிதத்துக்கு இன்னும் பதில் வரேல்லை," என்றான்.

நான் கட்டிலில் இருந்து பேரம் பேசினேன்.

"இண்டைக்கு மட்டும் வாரும். முதல் குத்திலை ஏறாட்டி, இனி வரவேண்டாமெண்டு நானே சொல்லுறன்."

"சத்தியமா?"

"நான் எப்ப உமக்குப் பொய் சொன்னனான்? அது உம்மட வேலையெல்லே."

சிரித்தாள். சீலை மாற்றினாள்.

கையைச் சூடாக வைத்திருந்தால் நரம்பு எழும்பும் என்று மிஸ்ஸி சொன்னது நினைவில் இருந்தது. ரப்பர் சுடுதண்ணிப் பையை நிரப்பி, மச்சாளின் கையோடு சேர்த்து, துவாயால் சுற்றி, மேலே சீலைத் தலைப்பைப் போட்டு மூடினேன். என் யோசனைதான். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனை. இடம்தான் பிழை. இந்தக் காலத்துக் கொழும்பில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று ஐடென்டிட்டியில் உள்ள ஒருத்தி, சீலைக்குள் எதையோ சுற்றிக் கட்டிக்கொண்டு செக்பொயின்ற்றில் போய் இறங்கினால்...

கிருலப்பனையில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களைச் சோதிக்க ஒரு ஆமிப் பெட்டை நின்றாள். இருபது வயதும் இராது. மச்சாளின் கைப்பக்கம் புடைத்திருந்ததைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள். தோளில் தொங்கிய துவக்கின் வாய் எங்கள் பக்கம் திரும்பியது. வரிசையிலிருந்த சனம் சொல்லாமலே விலகி ஓடிற்று. மச்சாளும் நானும், நடுவில் ஒரு சுடுதண்ணிப் பையும்.

எனக்குக் கடைத்தெருச் சிங்களம் நன்றாகத் தெரியும். "சுடுதண்ணி, பிள்ளை. வெறும் சுடுதண்ணி," என்று இரண்டு பாஷையிலும் மாறி மாறிச் சொன்னேன். துவாயை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தேன். மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். றோட்டில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். ஆவி பறந்தது. என் நல்ல யோசனை றோட்டோரக் கழிவுநீர்க் கான் வழியே ஓடிப் போயிற்று.

பிறகு பிளாஸ்க்.

"மே மொகக்த?" இது என்ன என்றாள்.

"கொத்தமல்லி."

நல்லகாலம், அதற்கு அவர்கள் பாஷையிலும் அதுதான் பெயர். ஆனாலும் பெயரை நம்பி யார் விடுவார்கள்?

"பொன்ன." குடி என்கிறாள். மச்சாளைப் பார்த்து.

மச்சாள் என்னைப் பார்த்தாள். துவக்கைப் பார்த்தாள். மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தாள். இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டுவிட்டேன், முகத்தைச் சுளித்தாள். சுளித்ததைக் கண்டு பெட்டைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் குடி என்றாள்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கிளினிக் காட்டை எடுத்து நீட்டி, சிங்களத்தில் சொன்னேன். "பிள்ளை, இவ வருத்தக்காரி, ஆஸ்பத்திரிக்குப் போறா. தண்ணி குடிச்சால்தான் ஊசி ஏறும். எங்கட சொல் கேக்கமாட்டா. நீ சொன்னால் குடிப்பா. முழுக்கக் குடிக்கச் சொல்லு."

அவள் காட்டைப் பார்த்தாள். மச்சாளின் கையை, அந்த நீலத்தையெல்லாம், பார்த்தாள். துவக்கைத் தோளில் போட்டாள். ஆனால் குரலை மட்டும் இறக்கவில்லை.

"அம்மே, பொன்ன. ஒக்கொம."

முழுவதும். பிளாஸ்க் அடி தெரியும்வரை குடித்தாள் என் மச்சாள். புருஷன் சொல்லிக் குடிக்காதவள். டொக்டர் சொல்லிக் குடிக்காதவள். இரண்டு மிஸ்ஸிமாருக்குப் பொய் சொன்னவள்.

பெட்டை விட்டாலும், பிறந்த இடம் விடவில்லை. இரண்டு பேரையும் ஓரமாக நிற்க வைத்து, ஐடென்டிட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். பஸ் போய்விட்டது. வெயில் ஏறியது. கொத்தமல்லி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

"மச்சாள்..."

"என்ன?"

"எனக்கு அவசரம்."

"கேளும்."

"ஐயோ, நான் மாட்டன்."

நான் கேட்டேன். ஆமியிடம். அந்தப் பெட்டை அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு எங்களை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தகரம் அடித்த ஒரு சின்ன அறை, அவர்களின் பெண்களுக்குரியது. மச்சாள் உள்ளே போனாள். பெட்டை துவக்கோடு வெளியே காவல் நின்றாள். மந்திரிமாருக்குக்கூட இந்த விஷயத்தில் இவ்வளவு பாதுகாப்புக் கிடைக்குமா, தெரியாது.

மச்சாள் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மச்சாள், உள்ளுக்குத் திறாங்கு இருக்கு. நல்ல திறாங்கு."

கோயிலில் அம்மனைக் கண்டவள் மாதிரிச் சொன்னாள்.

பிந்தித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே மிஸ்ஸி. நடேசனின் கணக்கில் வேண்டுமென்று குத்துகிறவள். ரப்பர் பட்டியைக் கட்டினாள். மச்சாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, பேரம் பேசியவள் நானல்லவா? முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு மெல்ல எழும்பியது. மண்ணுக்குள் இருந்த வேர் மேலே வந்த மாதிரி.

ஒரு குத்து. ஏறிவிட்டது.

மச்சாள் கண்ணை மூடியபடியே இருந்தாள். "இன்னும் குத்தேல்லையோ?"

"முடிஞ்சுது, அம்மா," என்றாள் மிஸ்ஸி. என்னைப் பார்த்து, "இண்டைக்கு என்ன செஞ்சது?" என்றாள்.

"ஆமி தண்ணி குடிக்க வச்சது."

மிஸ்ஸி சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கொத்தமல்லி ஒரு தரத்தோடு விடுகிற சாமான் இல்லை. சேலைன் வேறு ஏறுகிறது. நான் ஒரு கையால் போத்தலையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க, மச்சாள் உள்ளே போய் வந்தாள். வந்து கதிரையில் இருந்து, யோசித்து, ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"இப்பிடி நீங்கள் ஒவ்வொருமுறையும் கதவு பிடிக்க ஏலாது. அந்த ஆமிக்காரற்றை மாதிரி ஒரு திறாங்கு இங்கையும் இருந்தால், நான் வருவன். குடிச்சிட்டே வருவன்."

ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் விலை, ஒரு உயிருக்கு.

தலையை உயர்த்தி வார்ட்டைப் பார்த்தேன். மின்விசிறியில் ஒரு பெயர், இன்னார் ஞாபகார்த்தமாக என்று. மணிக்கூட்டில் ஒரு பெயர். சேலைன் தொங்கும் கம்பியில் ஒரு பெயர். நாங்கள் இருந்த கதிரையின் முதுகில் ஒரு குடும்பமே எழுதப்பட்டிருந்தது. தர்மவான்களுக்கு இந்த நாட்டில் குறைவே இல்லை. வந்து, கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது அந்த ஆஸ்பத்திரியில் நின்ற நேரத்தில் ஒன்றுக்கு வரவில்லையா?

காரியாலயத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே ஒரு பெரிய மனிதர். கட்டட வேலைப் பகுதிக்கு எழுத வேண்டுமாம். அவர்கள் வந்து பார்த்து மதிப்பீடு செய்ய வேண்டுமாம். அதைவிட, புதுக் கட்டடம் வரப்போகிறதாம். இந்த வார்ட்டையே இடிக்கப் போகிறார்களாம். இடிக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? சிரித்துக்கொண்டு கேட்டார். அவருடைய அறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒன்று இருந்தது. கதவில் தாழ்ப்பாளும் இருந்தது. திரும்பும்போது பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் கொட்டாஞ்சேனை ஹார்ட்வெயார் கடையில் ஒரு தாழ்ப்பாளும், ஸ்க்ரூவும், சுவரில் போத்தல் தொங்கவிட ஒரு கொழுக்கியும் வாங்கினேன். வெள்ளவத்தைக்குப் போய் நடேசனின் மடியில், அவன் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேல், வைத்தேன்.

"இதென்ன அக்கா?"

"உன்ரை கடிதத்துக்குப் பதில்."

அடுத்த தேதிக்கு வரமாட்டேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மச்சாள் நீலம் மாறாத அந்தக் கையைச் சீலைத் தலைப்புக்கு வெளியே எடுத்து, கதிரைக் கையில் வைத்தாள். அவ்வளவுதான். நடேசன் அதைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய் பக்கத்து வீட்டில் ஸ்க்ரூட்றைவர் இரவல் வாங்கிக்கொண்டு வந்தான்.

செக்பொயின்ற்றில் அவன் பையைத் திறந்தார்கள். இரும்புச் சாமான். இது எதற்கு என்று கேட்டான் ஒரு ஆமிக்காரன். நடேசனுக்கு நல்ல சிங்களம் வரும். கந்தோரில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன். ஆனால் அந்தப் பரீட்சையில் இந்தச் சொல் வரவில்லைப் போலும். ஏதேதோ மரியாதைச் சொல்லெல்லாம் தேடினான். ஆமிக்காரனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வரிசை முழுக்கக் கேட்க, சீஃப் கிளார்க் வாய் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"கக்குஸ்ஸிய."

பெண்கள் பக்கத்தில் அதே பெட்டை நின்றாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிளாஸ்க்கைக் கண்டதும், குடி என்பது போலக் கையைக் காட்டினாள். மச்சாள், யாரும் துவக்கு நீட்டாமலே, மூடியில் ஊற்றிக் குடித்தாள்.

ஆக, போன வியாழக்கிழமை நடேசன் ஏன் முழந்தாளில் நின்றான் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மிஸ்ஸி கண்டும் காணாதவள் மாதிரி மருந்து அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். ஸ்க்ரூ இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போயிற்று, கீழே விழுந்து உருண்டது. வேட்டி நனைந்தது. அடுத்த கதிரையிலிருந்த சிங்கள அம்மா, கையில் ஒட்டின கனுலாவோடு எழும்பி வந்து, குனிந்து உருண்ட ஸ்க்ரூவை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் மெல்லச் சொன்னார்: தானும் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையாம். இந்தக் கதவுக்குப் பயந்துதான்.

"கேட்டியோ?" என்றேன் நடேசனிடம்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்க்ரூவை முறுக்கினான்.

தாழ்ப்பாள் கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கிறது. கந்தோர்க்காரன் செய்த வேலை, வேறெப்படி இருக்கும்? மச்சாள் உள்ளே போனாள். தோளுயரத்தில் அவன் அடித்திருந்த கொழுக்கியில் போத்தலை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். இரும்பு இரும்பில் விழும் சத்தம் கேட்டது.

பிறகு உள்ளேயிருந்து அவள் குரல்: "மச்சாள், அந்த பிளாஸ்க்கிலை இன்னும் இருக்கோ?"

தர்மவான்கள் கவனிக்க: பெயர் எழுத அந்தக் கதவின் உட்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.